தம்பியின் காதும் இரண்டு விரலும்: அறுவைச் சிகிச்சையா, சிலிக்கோனா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு வயது 26, செம்பனை ஆலையில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில், தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சறுக்கி, எதிரே வந்த, செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் மோதியிருக்கிறது. இடது காதின் மேல்பகுதி முழுக்கப் பிய்ந்துவிட்டது. கடுக்கன் போடும் கீழ் மடலும், துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடும்தான் மிச்சம். இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். தை மாதம் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருவர் விலா எலும்பை எடுத்துக் காது செய்யலாம் என்றாராம். முகநூலில் ஒருவர், அசல் போலவே சிலிக்கோன் காது, ஒரே நாளில் ஒட்டிக்கொண்டு போகலாம் என்கிறாராம். “எது நல்லது அண்ணா? தம்பி பழையபடி ஆகிவிடுவானா?” என்று முடித்திருக்கிறார்.

எது நல்லது என்பதற்குத் தொழில் சார்ந்த பதில் இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன். ஆனால் தங்கச்சியின் மனசில் இருப்பது இரண்டாவது கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. மணவறையில் உட்காரும் தம்பியைச் சனங்கள் உற்று உற்றுப் பார்க்கக் கூடாது, அதுதானே? ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழையபடி ஆகாது. எந்த டாக்டராலும், எந்தச் சிலிக்கோனாலும் அது முடியாது. நாலடி தள்ளி நின்று பேசுகிறவருக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குக் கொண்டுவர முடியும். எங்கள் வேலையில் நாங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கே அதுதான். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்கும் தம்பிக்கு எப்போதும் தெரியத்தான் செய்யும். இதை முதலிலேயே கேட்டு மனசைத் தயார் செய்துகொண்டு வந்தவர்கள் கிடைத்ததில் சந்தோஷப்பட்டார்கள். அசலே திரும்பிவிடும் என்று நம்பி வந்தவர்கள், நல்ல வேலைப்பாட்டைக் கையில் கொடுத்தாலும் அழுதிருக்கிறார்கள்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பார்கள். அச்செடுப்பது, மெழுகில் செதுக்குவது, கல் மாவு அச்சில் வார்ப்பது எல்லாம் பல் செட்டுக்கும் காதுக்கும் ஒரே கைவேலை. அதனால் பல நாடுகளில் இந்தத் தொழில் பல் மருத்துவத்தோடு ஒட்டியே வளர்ந்தது. காது, மூக்கு, கண்குழி, விரல் என்று பல வருடம் செய்திருக்கிறேன். கத்தி பிடித்தவன் இல்லை. அறுவைச் சிகிச்சை பற்றி நான் சொல்வது, சர்ஜன்களோடு சேர்ந்து வேலை பார்த்துத் தெரிந்துகொண்டது. தம்பியின் தோலை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவசரத்தில் இருப்பீர்கள், எனவே முடிவை முதலில் சொல்கிறேன். கல்யாணத்துக்குள் காது அறுவைச் சிகிச்சையை முடிக்க முடியாது, முடிக்கவும் பார்க்காதீர்கள். கல்யாணத்துக்குப் பசை வைத்து ஒட்டும் சிலிக்கோன் காது போதும், ஐந்து மாதம் அதற்குத் தாராளம். அறுவைச் சிகிச்சையைக் கல்யாணம் முடிந்தபின் தம்பியே நிதானமாக யோசிக்கட்டும். அதுவரைக்கும் மிச்சமிருக்கும் அந்தக் கீழ் மடலை யாரும் வெட்டி எடுக்க விடாதீர்கள். நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். விலா எலும்பு என்று உங்களிடம் சொன்னது, விலாவின் முன்பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது விலாக்களிலிருந்து எடுப்பது வழக்கம். அதைச் செதுக்கி, துண்டு துண்டாகக் கம்பியால் கட்டி, காதின் மேடு பள்ளங்களோடு ஒரு சட்டம் செய்து தலையின் பக்கத்தில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். தோல் அதன்மேல் படிந்து காது வடிவம் எழும்பி வரும். இந்த வழியை 1959ல் அமெரிக்க சர்ஜன் டான்சர் நிலைநாட்டினார். பிறகு பிரென்ட் அதை மெருகேற்றினார். ஜப்பானின் நகாதா அதை இரண்டே கட்டமாகக் குறைத்தார். அந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறு மாதம் விட வேண்டும். முதல் கட்டம் முடிந்தபின் காது தலையோடு ஒட்டிப் படுத்திருக்கும். இரண்டாவது கட்டத்தில்தான் அதைத் தூக்கி, பின்பக்கம் தோல் வைத்து நிமிர்த்துவார்கள். ஐந்து மாதக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று இப்போது புரியும். அவசரப்பட்டால், வீக்கம் வற்றாத பாதிக் காதோடு மாப்பிள்ளை மணவறைக்கு வருவார்.

இந்த வேலையில் கீழ் மடல் ஒரு சொத்து. செதுக்கிய சட்டத்தைப் பழைய மடலோடு சேர்த்துத் தைக்கும்போது காது இயல்பாக வந்து முடியும். மடலின் மென்மையைக் குருத்தெலும்பில் கொண்டுவருவது கடினம். சிலிக்கோன் செய்கிற எங்களுக்கோ அந்த மிச்ச மடல் கொஞ்சம் இடைஞ்சல்தான். அதற்கு மேல் மூடிச் செய்தால் காது சற்றுத் தடிக்கும். அதனால் சில இடங்களில், “இதை எடுத்துவிட்டு வாங்க, சிலிக்கோன் அழகாக உட்காரும்” என்று சொல்வதுண்டு. வாழ்நாள் முழுக்கச் சிலிக்கோன்தான் என்று தீர்மானித்த பெரியவருக்கு அது சரி. 26 வயதுப் பையனுக்கு, இன்னும் முடிவே எடுக்காத நிலையில், திரும்ப வராத ஒன்றை எடுப்பது நியாயம் இல்லை.

அறுவைச் சிகிச்சையில் கிடைக்கும் லாபம் பெரியது. அது அவருடைய சொந்தச் சதை. ராத்திரி கழற்றி வைக்க வேண்டியதில்லை. வேர்த்தாலும், ஆற்றில் குளித்தாலும், குழந்தை பிடித்து இழுத்தாலும் கையோடு வராது. ஆறிய பிறகு ஹெல்மெட் போடலாம், கண்ணாடி மாட்டலாம், கொஞ்சம் தொடு உணர்ச்சியும் திரும்பும். நஷ்டமும் உண்டு. பெரும்பாலும் அது மற்றக் காதைவிடத் தடிப்பாக, விறைப்பாக இருக்கும். நல்ல கைபட்ட காது பிரமாதமாக வரும், சுமாரான கைபட்டது ஒரு கட்டிபோல நிற்கும். ஆகவே இந்த வேலையை அடிக்கடி செய்கிற சர்ஜனா என்று கேட்பதில் தப்பே இல்லை. முன்னால் செய்த காதுகளின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்தேகமாக இருக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து, செதுக்கும்போது நொறுங்கும். 26 வயதில் பெரும்பாலும் செதுக்க வரும், ஆனால் சி.டி. ஸ்கேன் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்தது தோல். பிறவியிலேயே காது இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் நல்ல தோல் இருக்கும். விபத்தில் போனவருக்குத் தழும்புதான் இருக்கும், தழும்பு இழுபடாது. அப்படியானால் தலையின் பக்கவாட்டில் தோலுக்குக் கீழே ஓடும் மெல்லிய சவ்வை ரத்தக் குழாயோடு மடக்கிக் கொண்டுவந்து சட்டத்தை மூட வேண்டியிருக்கும். விபத்தில் அந்த ரத்தக் குழாய் தப்பித்ததா என்பதை டாக்டர் கையை வைத்து, கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்வார். தழும்பு முழுசாக அடங்கவும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். எட்டு மாதத்தில் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றை நம் ஆட்களிடம் நான் கட்டாயம் கேட்பேன். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் புடைத்து, உருண்டையாக வளர்ந்ததுண்டா? அம்மைத் தழும்போ ஊசி போட்ட இடமோ பருத்ததுண்டா? அதைக் கீலாய்டு என்பார்கள். நம்மைப் போல் கறுத்த தோலுக்கு அது அதிகம் வரும், அதுவும் காதிலும் நெஞ்சிலும் தோளிலும்தான் அதிகம். விலாக் குருத்தெலும்பை எடுக்கும் அறுவையோ நெஞ்சிலும் காதிலும்தான் வெட்டுகிறது. தம்பிக்கு அந்த வாகு இருந்தால் அறுவைச் சிகிச்சை கூடவே கூடாது என்று அர்த்தமில்லை. சர்ஜனிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், ஸ்டீராய்டு ஊசி போன்ற முன்னேற்பாட்டோடு அவர்கள் யோசிப்பார்கள். அப்புறம் சிகரெட். புகை பிடிப்பவருக்கு தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, மூடிய தோல் கறுத்துச் செத்துப்போகலாம். குறைந்தது நான்கு வாரம் முன்னும் பின்னும் அறவே விட வேண்டும். “குறைத்துக்கொண்டேன்” என்பது இங்கே கணக்கில் வராது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சிலிக்கோன் காது செய்ய முதலில் இரண்டு பக்கமும் அச்செடுப்போம். நல்ல காதைப் பார்த்து, அதன் எதிர்ப் பிம்பத்தை மெழுகில் செதுக்குவோம். இப்போது ஸ்கேன் எடுத்து, கணினியில் திருப்பி, முப்பரிமாண அச்சுப்பொறியில் வடிவம் எடுப்பதும் உண்டு. நேரம் மிச்சம், ஆனால் கடைசி மெருகு கையால்தான். மெழுகுக் காதைத் தம்பியின் தலையில் வைத்து, முன்னால் நின்று, பின்னால் நின்று, இரண்டு காதும் ஒரே உயரத்தில், ஒரே அளவுக்குத் தலையிலிருந்து விலகி நிற்கிறதா என்று பார்ப்போம். அச்செடுக்கும்போது வாயைத் திறந்து மூடச் சொல்வது மிக முக்கியம். தாடை அசையும்போது காதுக்கு முன்னால் இருக்கும் தோல் நகரும். வாயை மூடி வைத்தே அச்செடுத்த காது, சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும் முன் விளிம்பில் வாயைப் பிளக்கும். தம்பிக்கு அந்தச் சின்ன மேடு தப்பித்திருப்பது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் சிலிக்கோனின் முன் விளிம்பை அதற்குப் பின்னால் ஒளித்துவிடலாம். பின் விளிம்பை முடி பார்த்துக்கொள்ளும். இன்றைக்கே முடியைக் கொஞ்சம் வளர்க்கச் சொல்லுங்கள்.

நிறம்தான் இந்த வேலையின் உயிர். நம் தோலை ஒரே பழுப்பு என்று எண்ணிச் செய்தால் பொம்மைக் காதாகிவிடும். காதின் உள் பள்ளத்தில் சிவப்பு ஓடும், மேல் வளைவில் வெயில் பட்டுக் கருத்திருக்கும், மடலில் மஞ்சள் சாயல் இருக்கும், பின்பக்கம் வெளிர்ந்திருக்கும். அதனால் நிறம் கலந்த சிலிக்கோனை அடுக்கடுக்காக அச்சுக்குள் தடவுவோம். தோலில் தெரியும் ரத்த நரம்புக்குச் சிவப்பு, நீல நூல் தூசியைத் தூவுவோம். நிறம் பார்ப்பது பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில். ஆனால் பகலில் அச்சாகப் பொருந்திய நிறம் குழல் விளக்கின் கீழே பச்சையாகவோ சாம்பலாகவோ தெரியலாம். கல்யாணம் மண்டபத்திலா கோயிலிலா என்று செய்கிறவரிடம் சொல்லுங்கள். இரண்டு வெளிச்சத்திலும் பார்த்து நடுவாக ஒரு நிறத்தைத் தேடுவார். அப்புறம், மாப்பிள்ளைக்கு நிறம் வரவேண்டும் என்று கடைசி மாதம் வெயிலில் போகவிடாமல் வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. காது செய்தபின் தோல் நிறம் மாறினால் காது மாறாது, தனியாகத் தெரியும். நிறம் பார்த்த நாளில் இருந்த மாதிரியே இருக்கட்டும்.

ஒட்டுவதில்தான் நம் ஊர் வெக்கை விளையாடுகிறது. மருத்துவப் பசை குளிர்ப் பிரதேசத்தில் நாள் முழுக்கப் பிடிக்கும். பேராக் வெயிலில், பட்டு வேட்டி சட்டையோடு, ஓமப் புகைக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு நடுப்பகலுக்குள் விளிம்பு கிளம்பலாம். சட்டைப் பையில் பசையும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொள்ள ஒரு நண்பரை நியமித்துவிடுங்கள். முக்கியமாக, அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இறங்கினால் எந்தப் பசையும் நிற்காது. ஒட்டும் இடத்தை மென்மையான சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும்.

நலங்குதான் எனக்குப் பெரிய கவலை. மஞ்சள் சிலிக்கோனில் ஏறினால் போகவே போகாது. நலங்கு வைக்கும்போது காதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மாமன்மாரும் அத்தைமாரும் மட்டும் இருக்கும் அந்த நேரத்தில் காதில்லாமல் உட்காரத் தம்பிக்குச் சங்கடம் இருந்தால், அதை அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது உங்கள் வேலை. குங்குமம், மருதாணி, முடிச் சாயம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தினசரி வேலையும் உண்டு. ராத்திரி கழற்ற வேண்டும், தோல் மூச்சுவிட வேண்டும். கழற்றும்போது விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, தடித்த இடத்தைப் பிடித்து மெல்ல உரிக்க வேண்டும். அந்த விளிம்பு வெங்காயத் தோல்போல இருக்கும், ஒரு தடவை கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது. மிதமான சோப்பும் தண்ணீரும் போதும், தின்னர், பெட்ரோல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இத்தனை பார்த்தும் ஒரு காது ஒன்றரை, இரண்டு வருடம் உழைத்தால் நல்லது. வெயில், வேர்வை, தோலின் எண்ணெய் எல்லாம் சேர்ந்து நிறத்தைக் கெடுக்கும். நம் ஈரக் காற்றில் பூஞ்சையும் பிடித்துக் கரும்புள்ளி விழும். சிகரெட் புகையும் மஞ்சளாக்கும். ஆக இது ஒரு முறைச் செலவு இல்லை. அச்சைப் பத்திரமாக வைத்திருப்பார்களா, அடுத்த காதை அதிலிருந்தே வார்ப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

பசை வேண்டாம், எலும்பிலேயே பொருத்தலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அதுவும் உண்மைதான். ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பிரானெமார்க், டைட்டானியம் எலும்போடு ஒன்றாக இணைந்துவிடும் என்பதை 1950களில் கண்டார். 1965ல் முதல் பல் திருகு, 1970களின் கடைசியில் காதும் அதே முறையில் வந்தது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு திருகுகளை வைத்து, சில மாதம் எலும்பு பிடிக்க விட்டு, அதன்மேல் கம்பியோ காந்தமோ வைத்துக் காதைச் சொடுக்கி மாட்டுவது. பிடிமானத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் திருகு தோலைத் துளைத்து வெளியே நிற்பதால் தினமும் அதைச் சுற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும். காந்தம் வைத்தவர் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திருகு வைக்கும்போது அந்த இடத்துத் தோலை மெலிதாக்கி, மிச்சக் காதையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பிறகு குருத்தெலும்புக் காது வேண்டும் என்றால் நல்ல தோல் இருக்காது. குருத்தெலும்புக் காது சரியாக வராவிட்டாலோ, அதன்பின் சிலிக்கோனுக்கு வரலாம். இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்கிறேன்: இளைஞருக்கு முதலில் எது மற்றக் கதவை மூடாதோ அது.

சதையால் சரிசெய்வது, செய்து பொருத்துவது என்ற இந்த இரண்டு வழியும் நேற்று வந்தவை இல்லை. காது மடலைத் தைப்பதும் மூக்கைத் தோலால் கட்டுவதும் சுஸ்ருதர் பெயரில் வரும் நூலிலேயே இருக்கிறது. திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்த ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு, புனா பக்கத்து வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலால் மூக்கு வைத்த செய்தி 1794ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துப் பழகி, 1814ல் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் அதையே செய்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு சர்ஜன் ஹெரால்டு கில்லிஸ் தோலால் முகம் கட்டினார். அப்படிச் சரிசெய்ய முடியாதவர்களுக்குப் பாரிசில் அன்னா கோல்மன் லாட் என்ற சிற்பி மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து வர்ணம் பூசினார். அந்த முகமூடிகள் தெருவில் நடக்கத் தைரியம் கொடுத்தன, ஆனால் அசையவில்லை, வர்ணமும் சில வருடத்தில் போயிற்று. பொருள் எவ்வளவோ முன்னேறிவிட்டது. வேண்டிய தைரியத்தைக் கொடுக்கும், ஆனால் தேயும் என்பது மட்டும் மாறவில்லை.

விரல்களுக்கு வருவோம். இதில் கதை வேறு. சுண்டு விரல், மோதிர விரல் அடிப்பாகம் ஒன்று, ஒன்றரை செ.மீ. மிச்சமிருந்தால் சிலிக்கோன் விரலை உறைபோல இழுத்து மாட்டலாம், காற்றுப் பிடிப்பிலேயே நிற்கும், பசை தேவையில்லை. நகத்தைத் தனியாகச் செய்து பதிப்போம். முட்டிச் சுருக்கம், ரேகை, மயிர்க்கால் வரைக்கும் கொண்டுவரலாம். சொல்லப்போனால் காதைவிட விரல் அசலுக்கு நெருக்கமாக வரும், ஏனென்றால் விளிம்பின்மேல் ஒரு மோதிரத்தைப் போட்டால் ஒட்டிய இடமே தெரியாது. ஆனால் அது மடங்காது, சூடு குளிர் தெரியாது. அடிவிரல் நுனியில் நரம்பு முடிச்சு வலி இருந்தால் உறை போட்டபின் வலி குறைவதும் உண்டு, அழுத்தம் தாங்காமல் கூடுவதும் உண்டு. போட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

ஆலை வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உணர்ச்சியில்லாத விரல் ஆபத்து. தாலி கட்டும்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தம்பி நிச்சயம் நினைத்திருப்பார். மூன்று முடிச்சுக்குக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் போதும். மஞ்சள் கயிறு கொஞ்சம் வழுக்கும், சிலிக்கோன் விரல் குறுக்கே வரும். இப்போதிருந்தே ஒரு கயிற்றை நாற்காலி முதுகில் கட்டிப் பழகச் சொல்லுங்கள். விரலோடும் விரல் இல்லாமலும் பழகி, எது கைக்கு வருகிறதோ அதை முடிவு செய்யட்டும். மஞ்சள் சிலிக்கோனில் ஏறுமே என்றால், அதற்கென்று ஒரு விரலை விட்டுக்கொடுக்கலாம், கல்யாணம் ஒரு தடவைதானே.

முகநூல்காரரைப் பற்றி. ஒரே நாளில் அச்செடுத்து, செதுக்கி, நிறம் பார்த்து, வார்த்து முடிக்க முடியாது. அவரிடம் இருப்பது ஏற்கெனவே வார்த்து வைத்த பொதுக் காதாகத்தான் இருக்கும். நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுப்பீர்களா, மெழுகை வைத்துப் பார்க்க ஒரு நாள் வரச் சொல்வீர்களா? தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தழும்பில் ஊசி போட்டுச் சரிசெய்கிறேன் என்று அழகு நிலையத்தில் யாராவது சொன்னால் தம்பியை அந்தப் பக்கமே விடாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜன் என்று சொல்பவரின் பெயரை நேஷனல் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர் என்ற நிபுணர் பதிவேட்டில் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது.

செலவு பற்றிக் கேட்கவில்லை, ஆனால் இது ரொம்ப முக்கியம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் கணக்கில் வேலை விபத்துதான், வழியில் வேறு எங்கும் திரும்பாமல் போயிருந்தால். சொக்சோவின் மறுவாழ்வு உதவியில் செயற்கை உறுப்பும், சீரமைப்பு அறுவைச் சிகிச்சையும் சேர்ந்தே இருக்கின்றன. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்திருக்க வேண்டும். ஆலை அலுவலகத்தில் அது நடந்ததா என்று நாளைக்கே கேளுங்கள். நடக்கவில்லை என்று தெரிந்தால் சும்மா இருந்துவிட வேண்டாம், போலீஸ் ரிப்போட்டையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு ஈப்போவில் உள்ள சொக்சோ அலுவலகத்துக்கு நேரே போங்கள். நிரந்தர ஊனத்துக்கான பணமும் விரலுக்குத் தனியாக மதிப்பிடப்படும். காதின் அழகுதான் முக்கியம் என்று அந்தக் காகித வேலையை விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அரசாங்க வழியில் போனால் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் ஐந்து வெள்ளி என்றுதான் தொடங்கும். சிலிக்கோன், திருகு போன்ற பொருளுக்குத் தனிச் செலவு வரலாம், அதை எழுத்தில் கேட்டு வாங்கினால் சொக்சோவிடம் காட்ட உதவும்.

மனசில் பட்ட இன்னொன்று. கேள்வி முழுக்க உங்கள் குரல்தான் இருக்கிறது, தம்பியின் குரல் இல்லை. அக்காவுக்கு அந்தப் பாசம் இல்லாமல் இருக்குமா, புரிகிறது. ஆனால் இந்தக் காதைத் தினமும் ஒட்டி, கழற்றி, கழுவப் போகிறவர் அவர். வீட்டார் ஆசைக்குச் செய்த காதுகள் பல, கல்யாணப் படம் எடுத்த மறுநாளே அலமாரிக்குள் போனதைப் பார்த்திருக்கிறேன். சிலர் காது இல்லாமலே, தொப்பி கூடப் போடாமல், சந்தோஷமாக வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அதனால் உனக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். கல்யாணப் பெண்ணையும் ஒரு தடவை கூட அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். காதைக் கழற்றிய முகத்தை அவர் முதலில் பார்ப்பது கிளினிக்கிலோ வீட்டிலோ இயல்பாக நடந்துவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரியில் ஒளித்து ஒளித்துக் கழற்ற வேண்டியிருக்காது.

நடைமுறைக்கு வருகிறேன். இந்த வாரமே சுங்கை சிப்புட் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து தேவைப்பட்டால் கோலாலம்பூருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஒன்று, முகச் செயற்கை உறுப்புக்கு ஒன்று என்று இரண்டு கடிதமாகக் கேட்பது நல்லது, ஒன்றுக்குக் காத்திருக்கும் நேரம் மற்றதைத் தடுக்காது. விபத்துக்கு முன் இடது காது தெளிவாகத் தெரியும் படம் ஏதாவது இருந்தால் பெரிதாகப் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டு காதும் யாருக்கும் அச்சாக ஒரே மாதிரி இருக்காது, அந்தப் படம் எங்களுக்குத் தங்கம். அச்செடுப்பது, மெழுகு பார்ப்பது, நிறம் பார்ப்பது, திருத்துவது என்று நாலைந்து தடவையாவது வரச் சொல்வார்கள். காது கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே கைக்கு வந்துவிட வேண்டும், தம்பி அதை ஒட்டிப் பழகி, வேர்த்துப் பார்த்து, எந்த இடம் கிளம்புகிறது என்று சொல்லித் திருத்திக்கொள்ள அந்த ஒரு மாதம் தேவைப்படும். ஷிப்டு லீவை அதற்கேற்ப இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.